உப்பு குறைந்த அப்பாயி, மரத்துப்போன கால்: கிளியா செல்களின் நாள்கணக்கு

சித்திரை வெயில் ஏறியதும் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து மருத்துவ வார்டுகளுக்கு ஒரே அச்சில் வார்த்த மாதிரி நோயாளிகள் வருவார்கள். எழுபது வயதை ஒட்டிய அப்பாயி. இரண்டு நாளாக வாந்தி, தலைவலி, எழுந்தால் தள்ளாட்டம். நேற்றிலிருந்து சம்பந்தமில்லாத பேச்சு, இன்று காலை ஒரு வலிப்பு. "பக்கவாதம்னு நெனச்சோம் சார்" என்பான் தூக்கி வந்த பேரன். கை கால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல அசையும். ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, பார்த்தால் லிட்டருக்கு 108 மில்லிமோல். இருக்க வேண்டியது 135 முதல் 145.

இந்த அப்பாயிக்கு நரம்புச் செல்லில் நோய் கிடையாது. முதலில் அடி வாங்கியது அதைச் சுற்றி நிற்கும் கிளியா செல்கள். 1856-ல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் பசை என்று பொருள். நரம்புகளை ஒட்டிவைத்திருக்கும் வெறும் பசை என்ற எண்ணம் அந்தப் பெயரோடு சேர்ந்து நூறு ஆண்டுக்கு மேல் நின்றுவிட்டது. நரம்புச் செல்லைப் போல் பத்து மடங்கு கிளியா உண்டு என்று பாடப்புத்தகங்களில் வந்ததும் சரியில்லை. எண்ணிப் பார்த்ததில் மனித மூளையில் நரம்புச் செல்கள் சுமார் 8,600 கோடி. மற்ற செல்கள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அதே அளவு.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வயலுக்குத் தண்ணீர் எவ்வளவு வர வேண்டும், எப்போது வடிய வேண்டும் என்று மடை பார்க்கிற ஆள் ஆஸ்ட்ரோசைட். வாய்க்காலுக்குக் கரை கட்டுவது மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடெண்ட்ரோசைட், கை கால் நரம்புகளில் ஷ்வான் செல். கரை என்றது மயலின் உறை. அது இருந்தால் நரம்புச் சேதி நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடும். உறையே இல்லாத மெல்லிய நரம்பில் நொடிக்கு 1, 2 மீட்டர்தான். குப்பை வாருவதும் காவலும் மைக்ரோகிளியா. இந்த ஆட்கள் ஒவ்வொருவருக்கும் வேலை செய்ய ஒரு வேகம் உண்டு, அதை மீறி அவசரப்படுத்தினாலும் கெடும், தாமதித்தாலும் கெடும். வார்டில் கிளியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பாதி இந்த நாள்கணக்குதான்.

அப்பாயிக்கு வருவோம். ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தண்ணீர் மூளைக்குள் நுழையும். ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்கள் ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கும். அந்தப் பாதங்களில் அக்வாபோரின்-4 என்ற நீர்த்துளைகள் நெருக்கமாக இருக்கின்றன. தண்ணீர் முதலில் அங்கேதான் ஏறும். செல் வீங்கும். வீக்கத்தைக் குறைக்க, சில மணி நேரத்துக்குள் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியே தள்ளும். அது போதாதென்றால் டாரின், மையோ-இனாசிட்டால், குளுட்டமேட் போன்ற பொருள்களையும் இறக்கிவிடும். சுமார் 48 மணி நேரத்தில் செல் பழைய அளவுக்கு வந்துவிடும். படிப்படியாகச் சோடியம் இறங்கினவர் 115-லும் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பதும், ஒரே நாளில் இறங்கினவர் 120-லேயே வலிப்பில் விழுவதும் இதனால்தான்.

வெளியே தள்ளிய சரக்கைத் திரும்ப உள்ளே ஏற்ற அந்தச் செல்லுக்குப் பல நாள் பிடிக்கும். அதற்குள் நாம் உப்புத் தண்ணீரை மளமளவென்று ஏற்றினால், உள்ளே சரக்கில்லாத செல்லிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு அது சுருங்கும். முதலில் ஆஸ்ட்ரோசைட் சாகும், அதை நம்பி நிற்கும் ஒலிகோடெண்ட்ரோசைட் அடுத்து போகும், மயலின் உரியும். மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸ் அதிகம் அடிபடும் இடம். இதை 1959-ல் ஆடம்ஸ், விக்டர், மான்கால் மூவரும் விவரித்தார்கள். கொடுமை என்னவென்றால் விளைவு உடனே தெரியாது. சோடியம் ஏறியதும் நோயாளி தெளிவாகிவிடுவார், வீட்டார் சந்தோஷப்படுவார்கள். இரண்டிலிருந்து ஆறு நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கை கால் விறைக்கும். அப்போது எம்ஆர்ஐ எடுத்தாலும் முதல் சில நாள் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் தெரியும்.

செய்ய வேண்டியதை எண்களோடு சொல்லிவிடலாம். வலிப்பு, மயக்கம் இருந்தால் 3 சதவீத சலைன் என்ற அடர்ந்த உப்புத் தண்ணீர் 100 மி.லி., பத்துப் பதினைந்து நிமிடத்தில். அடங்கவில்லை என்றால் மறுபடி, அதிகம் போனால் மூன்று முறை. 50 கிலோ எடையுள்ள வயதான பெண்ணுக்கு 100 மி.லி. ஏற்றினால் சோடியம் 2-ஐ ஒட்டி ஏறும். 4 முதல் 6 ஏறினாலே மூளை வீக்கத்தின் ஆபத்து விலகும். அங்கே 3 சதவீதத்தை நிறுத்த வேண்டும். 24 மணி நேரத்துக்கு மொத்தமாக 8-க்கு மேல் ஏறக்கூடாது. மது, ஈரல் நோய், ஊட்டக்குறைவு, பொட்டாசியம் குறைவு, 105-க்குக் கீழ் சோடியம், இதில் எது இருந்தாலும் அந்த 8 கண்டிப்பான வரம்பு.

கேஸ் ஷீட்டில் இது எப்படி இருக்க வேண்டும்? காலை 6 மணி: 108. 3 சதவீத சலைன் 100 மி.லி. இரண்டு முறை போனது. 8 மணி: 112, வலிப்பு இல்லை, பெயர் சொல்கிறார். அதன் கீழே சிவப்பு மையில், "நாளைக் காலை 6 வரை 116-ஐத் தாண்டக் கூடாது". இந்த ஒரு வரி இல்லாததால் கெட்டுப்போகிற கேஸ்கள் உண்டு. பகல் டியூட்டிக்காரர் நிறுத்தியதை இரவு டியூட்டிக்காரர் "இன்னும் 114-தானே" என்று மறுபடி தொங்கவிடுவார்.

அதைவிட நழுவலான தவறுகள் இரண்டு. ஒன்று, பொட்டாசியம். இந்த அப்பாயிகளுக்குப் பொட்டாசியமும் குறைந்து 2.8, 2.9 என்று இருக்கும். 40 மில்லிமோல் பொட்டாசியம் குளோரைடு கொடுத்தால் அதுவும் சோடியத்தை 2-ஐ ஒட்டி ஏற்றும். கணக்கில் அதைச் சேர்ப்பவர்கள் குறைவு. இன்னொன்று, யூரின் பை. பிபிக்காகச் சாப்பிட்டுவந்த, சிறுநீரில் உப்பை வெளியேற்றும் தையசைட் வகை மாத்திரையை நிறுத்தி, வறட்சியும் சரியானதும், அதுவரை தண்ணீரைப் பிடித்துவைத்த ஹார்மோன் அடங்கிவிடும். சிறுநீரகம் வெறும் தண்ணீரைக் கொட்டும், சோடியம் நாம் ஒன்றும் கொடுக்காமலே தாவும். மணிக்கு 100 மி.லி.க்கு மேல் நிறம் வெளுத்த சிறுநீர் வந்தால் உடனே ரத்தம் அனுப்ப வேண்டும். தாவிவிட்டது என்றால் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைத் தண்ணீரும், அந்த ஹார்மோனைப் போலத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் டெஸ்மோபிரஸ்ஸின் 2 மைக்ரோகிராமும் கொடுத்துச் சோடியத்தைத் திரும்பக் கீழே இறக்குவதுதான் வழி. ஏற்றியதை இறக்குவதா என்று கை நடுங்கும். தயங்கிய நேரம்தான் நஷ்டம்.

வீட்டுக்கான பேச்சு தனி. "பிபிக்கு உப்பைக் குறைங்க" என்றால் நாளுக்கு ஒரு டீஸ்பூன் அளவுக்குள், அதாவது 5 கிராமுக்குள் என்று அர்த்தம். உப்பே இல்லாத கஞ்சி என்று அர்த்தமில்லை. புதிதாகத் தையசைட் மாத்திரை தொடங்கிய முதியவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு சோடியம் பரிசோதனை. வாந்தி பேதி வந்தால் அந்த நாட்களுக்கு அந்த மாத்திரையை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். வெயிலுக்கு நாலு லிட்டர் வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட நீராகாரம் நல்லது, பேதிக்கு ஓஆர்எஸ்.

அதே ஆஸ்ட்ரோசைட் ஈரல் சுருங்கியவர்களிடம் வேறு விதமாக வீங்கும். குடலிலிருந்து வரும் அம்மோனியாவை ஈரல் கவனிக்காதபோது, மூளையில் அதைப் பிடித்துக் குளுட்டமினாக மாற்றும் நொதி ஆஸ்ட்ரோசைட்டிடம்தான் உண்டு. குளுட்டமின் சேரச் சேரத் தண்ணீரை இழுக்கும். பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, கையை நீட்டச் சொன்னால் கொக்கு சிறகடிப்பது போல மணிக்கட்டு தட்டும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்து 15 முதல் 30 மி.லி. என்று சீட்டில் இருந்தாலும் அளவைத் தீர்மானிப்பது கக்கூஸ்தான்: நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகலாகப் போக வேண்டும். ஆறு முறை போனால் வறட்சி வந்து குழப்பம் கூடும். மலச்சிக்கல், தூக்க மாத்திரை, கிருமித்தொற்று, ரத்த வாந்தி இவை தூண்டிவிடும். பருப்பும் முட்டையும் ஆகாது என்று பத்தியம் வைப்பது பழைய பழக்கம். இப்போது எடைக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கொடுக்கச் சொல்கிறார்கள். தசை கரைந்தால் அம்மோனியாவைப் பிடிக்க இன்னொரு இடமும் போய்விடும்.

முன்னே சொன்ன அக்வாபோரின்-4 என்ற நீர்த்துளையையே உடலின் எதிர்ப்புப்பொருள் குறிவைப்பது என்எம்ஓ (நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா) என்ற நோய். கண் பார்வை மங்கும், அல்லது இடுப்புக்குக் கீழே செயல் நிற்கும். விடாத விக்கலும் வாந்தியும் முதல் அறிகுறியாக வந்து, எண்டோஸ்கோபி வரைக்கும் போய் ஒன்றும் இல்லை என்று திரும்பியவர்கள் உண்டு. இதை மயலின் உரியும் இன்னொரு நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தவறாகக் கொண்டு அதற்கான இன்டர்ஃபெரான் மருந்தைக் கொடுத்தால் நோய் முற்றும். ஒரு ரத்தப் பரிசோதனை, அக்வாபோரின்-4 ஆன்டிபாடி, பிரித்துக் காட்டும்.

இனி கரை கட்டும் ஷ்வான் செல். ஒரு வாரம், பத்து நாள் முன்பு பேதியோ காய்ச்சலோ வந்து போயிருக்கும். பாதத்தில் எறும்பு ஊர்வது போல மதமதப்பு, முதுகிலும் தொடையிலும் வலி. மறுநாள் படி ஏற முடியவில்லை. அதற்கு மறுநாள் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. முழங்காலில் சுத்தியால் தட்டினால் கால் துள்ளாது. கிலான் பாரே நோய், சுருக்கமாக ஜிபிஎஸ். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய எதிர்ப்புப்பொருள் மயலின் உறையைத் தாக்குகிறது. ஒரு வகையில் உறையை விட்டுவிட்டு நரம்பிழையையே தாக்கும். உறை மட்டும் போனவர்களுக்கு ஷ்வான் செல் திரும்ப உறை சுற்றும், வாரங்களிலும் மாதங்களிலும் தேறுவார்கள். இழை போனவர்களில் சிலர் விரைவில் எழுந்தாலும், மற்றவர்களுக்கு நீண்ட காத்திருப்பு.

டெல்டாவில் "கை கால் விழுந்துடுச்சு" என்று வருகிற எல்லாமே ஜிபிஎஸ் இல்லை. தரையிலோ வைக்கோல் போர் ஓரத்திலோ படுத்தவர், விடியலில் வயிற்று வலியோடு எழுந்து, கண் இமை செருகி, பேச்சு மழுங்கினால் கட்டுவிரியன் கடி. பல் பதிந்த தடம் தெரியாது, வீக்கமும் இருக்காது. அது இமையில் தொடங்கிக் கீழே இறங்கும், மணிக்கணக்கில். ஜிபிஎஸ் பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும், நாள்கணக்கில். பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவருக்கு இரண்டாவது மூன்றாவது நாளில் கழுத்து தொய்ந்து மூச்சு தளர்வது வேறொன்று. பொட்டாசியம் 2-க்குப் பக்கத்தில் இறங்கி ஒரே இரவில் கை கால் விழுவது இன்னொன்று. பத்து நிமிட ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஆகவே முதலில் இமையைப் பார், பொட்டாசியத்தைப் பார், அப்புறம் இடுப்பில் ஊசி போட்டு நீர் எடு. அந்த நீரில் புரதம் கூடி, செல் கூடாமல் இருப்பது ஜிபிஎஸ் அடையாளம். ஆனால் முதல் வாரத்தில் இது சரியாகவே இருக்கலாம், நரம்பு வேகப் பரிசோதனையும்கூட. சரியாக இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

ஜிபிஎஸ் நோயாளியைக் கொல்வது மூச்சு. இங்கே விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் போல ஏமாற்றும் கருவி கிடையாது. மூச்சுத் தசை பாதி போன பிறகும் 98 காட்டும். அது இறங்கும்போது ஏற்கெனவே நேரம் கடந்திருக்கும். காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. மூச்சை நன்றாக இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்ல வேண்டும். காலையில் 32, மதியம் 26, சாயங்காலம் 18 என்றால் இரவுக்குள் வென்டிலேட்டர் உள்ள இடத்தில் இருந்தாக வேண்டும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, எச்சில் தேங்குகிறதா என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும். நாலு மணிக்கு ஒரு முறை. கும்பகோணத்திலிருந்தோ மன்னார்குடியிலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்கு 108 ஆம்புலன்ஸில் அனுப்பும்போது அந்த எண்கள் சீட்டில் இருந்தால், வாங்கிக்கொள்கிறவருக்கு நிலவரம் ஒரு பார்வையில் புரியும்.

மருந்து இரண்டில் ஒன்று. ஐவிஐஜி, அதாவது பிறர் ரத்தத்திலிருந்து எடுத்து நரம்பு ஊசி வழியே ஏற்றும் எதிர்ப்புப்பொருள்: கிலோவுக்கு நாளுக்கு 0.4 கிராம், ஐந்து நாள். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 24, மொத்தம் 120 கிராம். அல்லது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்று, இரண்டு வாரத்தில் ஐந்து முறை. நடக்க முடியாமல் போனவருக்கு, நோய் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் நன்றாக இருக்கும். ஐவிஐஜியை முதல் அரை மணி நேரம் மெதுவாக விட வேண்டும்; அவசரப்பட்டால் தலைவலி, நடுக்கம். ஸ்டீராய்டு இதில் பயன்படாது. எல்லா நரம்பு நோய்க்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்க்கும் வழக்கத்தால் போகும் இரண்டு நாள், அந்த இரண்டு வாரத்திலிருந்துதான் கழிகிறது. இதயத் துடிப்பும் பிபியும் ஏறி இறங்கும். தொண்டையில் சக்‌ஷன் போடும்போது துடிப்பு திடீரென்று தாழலாம், பக்கத்தில் துடிப்பை ஏற்றும் அட்ரோபின் எடுத்து வைத்திருக்க வேண்டும். பாதம் தொங்காமல் ஸ்பிளின்ட், இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுவது, காலில் ரத்தம் உறையாமல் ஹெப்பாரின். நோய் நாலு வாரத்துக்குள் உச்சம் தொட்டு நிற்கும், அதன் பிறகுதான் இறக்கம். ஆறு மாதத்தில் பெரும்பாலானோர் நடந்துவிடுவார்கள் என்று வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடலாம், பொய்யில்லை.

ஷ்வான் செல்லுக்குள்ளேயே குடியிருக்கிற கிருமி தொழுநோயுடையது. 1873-ல் நார்வே மருத்துவர் ஹேன்சன் கண்டது. இரண்டாகப் பெருக ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. குளிர்ச்சியான இடம் பிடிக்கும். அதனால்தான் தோலுக்கு அருகே ஓடுகிற நரம்புகளைத் தேடி உட்காருகிறது: முழங்கையின் உள்பக்கம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், உள்கணுக்காலுக்குப் பின்னால், கழுத்தின் பக்கவாட்டு. இந்த இடங்களில் விரலை உருட்டிப் பார்த்தால் தடித்த நரம்பு சணல் கயிறு போல நெருடும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும்.

வெளிறிய தேமல், அரிப்பில்லை, வலியில்லை. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே தொட்டால் எல்லாரும் தெரியுது என்றுதான் சொல்வார்கள். உள்ளங்கை, உள்ளங்காலுக்குப் பந்துமுனைப் பேனா போதும். கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்; தேமல் குறைந்த வகைக்கு 6 மாதம், நிறைய உள்ள வகைக்கு 12 மாதம். அதிலுள்ள ரிஃபாம்பிசின் போட்ட அன்று சிறுநீர் சிவக்கும், குளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். இதை மாத்திரை கொடுக்கிற அன்றே சொல்லாவிட்டால் இரண்டாம் மாதம் ஆளைக் காண முடியாது.

மருந்து சாப்பிடும்போதோ முடித்த பிறகோ நரம்பு திடீரென்று வீங்கி வலிக்கலாம், தேமல் சிவந்து தடிக்கலாம். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். உடலின் எதிர்ப்பு, கிருமி குடியிருந்த ஷ்வான் செல்லையும் சேர்த்து அடிப்பதுதான் அது. கூட்டு மருந்து தொடர வேண்டும், அதோடு பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மி.கி. அளவில் தொடங்கி மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அதற்கு முன் சர்க்கரை பார்த்து, குடற்புழு மாத்திரையும் கொடுத்துவிட வேண்டும். வலியே இல்லாமல் உணர்ச்சி மட்டும் இறங்குவதும் உண்டு. அதனால் மாதா மாதம் பேனா சோதனை, சுண்டுவிரலை விரிக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பது, கண்ணை இறுக மூடச் சொல்வது. உணர்ச்சி போய் ஆறு மாதத்துக்குள் பிடித்தால்தான் திரும்பும் வாய்ப்பு நல்லது. நரம்பிழை அறுந்த இடத்தில் ஷ்வான் செல்கள் வரிசை கட்டிப் பாதை போட்டுக் கொடுக்கும். இழை அதன் மேல் நாளுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை 30 செ.மீ. என்றால் 300 நாள். அந்தப் பாதை போடும் ஆட்கள் காலம் போகப் போகக் களைத்துவிடுவார்கள்.

உணர்ச்சி திரும்பாத காலோடு நடவுக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சேற்றில் செருப்புப் போட முடியாது. நத்தை ஓடும் நண்டு வளையின் விளிம்பும் கிழித்தது தெரியாது. ஐந்து மணி நேரம் ஊறிய தோல் காய்ந்ததும் குதிகாலில் வெடிக்கும், வெடிப்பில் சேறு ஏறும். வயலை விட்டு வந்ததும் கால் கழுவி, சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும். வெந்நீர் கூடாது, சூடும் தெரியாது. தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் சொட்டும்போதே தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். காய்ந்த பிறகு தடவினால் உள்ளே ஈரம் நிற்காது. பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, இரண்டு உள்ளங்காலையும் அதில் காட்டிப் பார்க்க வேண்டும். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் மறுநாள் வயல் கிடையாது. வரப்பில் உட்கார்ந்து நாற்று முடி எடுத்துக் கொடுக்கிற வேலையை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குள் நடக்கவும் எம்சிஆர் என்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பு, பின்வார் உள்ளதாக. வார் இல்லாததைப் போட்டால் காலை விட்டு நழுவியதுகூட அவருக்குத் தெரியாது.